பந்தல் பிரித்த பிறகு



நவம்பர் பிறந்தால் நம் கல்லறைத் தோட்டங்களுக்கு வெள்ளையடிக்கிறோம். 2-ஆம் நாள் மாலை பூமாலையும் மெழுகுதிரியும் சாம்பிராணியுமாகக் குடும்பத்தோடு கூடுகிறோம். குருவானவர் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்து வரும்போது இறந்தவரின் பெயர் சொல்லி அழுகிறோம். இறந்தோருக்காகச் செபிப்பதில் நாம் குறை வைக்கவில்லை. அவர்கள் விட்டுப்போனவர்களை எப்படி நடத்துகிறோம் என்பதை மட்டும் இன்று கொஞ்சம் பேசுவோம்.

சாவு வீட்டில் முதல் மூன்று நாள் நாம் மிக நல்லவர்கள். பந்தல் போட, பெட்டிக்குச் சொல்ல, துக்கமணி அடிக்க, காப்பி போட்டுக் கொண்டுவர ஆள் இருக்கிறது. அன்பியத்தார் வந்து செபமாலை சொல்கிறார்கள். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து சாப்பாடும் ஆனபின் எல்லாரும் போய்விடுகிறோம். பல வீடுகளில் துக்கம் அன்றைக்குத்தான் உள்ளே வந்து உட்காருகிறது. வங்கிக் கணக்கை மாற்ற வேண்டும், இறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும், பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டும். அப்போது நாம் அங்கே இல்லை.

யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆண்டவர் பெத்தானியாவுக்கு வந்தபோது இலாசரைக் கல்லறையில் வைத்து 4 நாள் ஆகியிருந்தது. நேரத்துக்கு வரவில்லையே என்ற ஒரே மனக்குறைதான் மார்த்தாவுக்கும் மரியாவுக்கும். ஆனால் இருவருக்கும் அவர் ஒரே பதிலைத் தரவில்லை. மார்த்தாவோடு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியா காலில் விழுந்து அழுதபோது போதனை ஒன்றும் இல்லை. உடலை எங்கே வைத்தார்கள் என்று கேட்டார், அழுதார். சிறிது நேரத்தில் இலாசரை எழுப்பப் போகிறவர் அழுதார்! விசுவாசி அழக்கூடாது என்று துக்க வீட்டில் புத்தி சொல்கிற நம் பெரியவர்கள் இந்த அதிகாரத்தை இன்னொரு முறை வாசித்தால் நல்லது.

குருக்களாகிய நாங்களும் தவறியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் சாலை விபத்தில் இறந்த ஒருவரின் அடக்கத்தின்போது, அவருடைய ஏழு வயது மகளைப் பக்கத்தில் அழைத்து, "அப்பா ரொம்ப நல்லவர், அதனாலதான் ஆண்டவர் தம்மிடம் கூப்பிட்டுக்கொண்டார்" என்றோம். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னோம். சில வாரங்களில் அந்தப் பிள்ளை மறைக்கல்வி வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டது. தாய் கேட்டதற்குச் சொன்னதாம்: "நான் நல்ல பிள்ளையா இருந்தா என்னையும் கூப்பிடுவாரும்மா. உன்னையும் கூப்பிட்டுட்டா நான் யார்கிட்ட இருப்பேன்?" குருமடத்தில் அத்தனை வருடம் இறையியல் படித்த எங்களிடம் அதற்குப் பதில் இல்லை.

பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி, அவர்களுக்குப் புரிகிற சொல்லில் சொல்ல வேண்டும். தாத்தா தூங்குகிறார் என்றால் பிள்ளை தூங்கவே பயப்படும். ஊருக்குப் போயிருக்கிறார் என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஐந்தாறு வயதுவரை சாவு என்பது திரும்பி வராத ஒன்று என்று முழுதாக விளங்காது. அதனால் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கும். சலிக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள். அழுதுகொண்டிருந்த பிள்ளை அடுத்த நிமிடம் விளையாடப் போனால், பாசமில்லாத பிள்ளை என்று திட்டாதீர்கள். பிள்ளைகள் துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வயிற்றுவலி என்பார்கள், மறந்துபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பி வரலாம். அப்பாவோடு சண்டை போட்டதால்தான் அப்பா செத்தார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாத பிள்ளைகளும் உண்டு. "உன்னால இல்ல" என்று அவர்கள் கேட்காமலே சொல்லுங்கள்.

இன்னொன்று. பதினான்கு வயதுப் பையனின் தோளைத் தட்டி, "இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பள, அழக்கூடாது" என்கிறோமே, அந்த வழக்கத்தை நம் பங்குகளில் விட்டுவிடுவோமா? ஒரே நாளில் அவனிடமிருந்து அப்பாவையும் சிறுபிள்ளைப் பருவத்தையும் சேர்த்துப் பறிக்கிறோம்.

பெரியவர்களின் துக்கத்துக்கும் நாமாகத் தவணை வைக்கிறோம். எலிசபெத் கூப்ளர்-ரோஸ் என்ற மருத்துவர் 1969-இல் சொன்ன ஐந்து நிலைகளை நாங்களும் ஏணிப்படி போல மேடையில் விளக்கியிருக்கிறோம். அவர் அதை எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி. வீட்டில் மிஞ்சியவரின் துக்கம் அப்படிப் படி ஏறிப் போவதில்லை. ஒரு சட்டையைப் பார்த்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் குமரிக் கடற்கரை வீடுகளை நினைத்துப் பாருங்கள். உடலே கிடைக்காத மனைவி எந்தக் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவாள்? "இன்னுமா அழுகிறாய்" என்று அவளிடம் எந்த வாயால் கேட்பது?

துயருற்றோருக்கு ஆறுதல் சொல்வதும் இரக்கச் செயல்களில் ஒன்று என்று சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். அதைச் செய்யப் பேச்சுத் திறமை வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெட்டது. ஆறாம் மாதம் ஒரு நாள் போங்கள். இறந்தவரின் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள். கைம்பெண் என்று ஒதுக்காமல் உங்கள் வீட்டுத் திருமணத்தில் அந்தச் சகோதரியை முன்வரிசையில் உட்காரவையுங்கள். மாதக்கணக்கில் சோறு தண்ணீர் இறங்காமல் இருப்பவரை, நானும் போய்விடுகிறேன் என்று பேசுகிறவரைச் செபத்தோடு மட்டும் விட்டுவிடாதீர்கள். தனியே விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல.

அந்தச் சிறுமியின் தாய் பிறகு மகளிடம் உண்மையைச் சொன்னார்: லாரி மோதியது, தலையில் பலமான அடி, டாக்டர்களால் காப்பாற்ற முடியவில்லை என்று. நாங்களும் வீட்டுக்குப் போய், "சாமி அன்னைக்குச் சொன்னது தப்பும்மா, ஆண்டவரும் உன்கூட அழுதிருப்பார்" என்றோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டு கல்லறைத் திருநாளில் அப்பாவின் கல்லறைமேல் மெழுகுதிரியோடு அவருக்குப் பிடித்த கடலைமிட்டாயும் வைத்திருந்தாள். மந்திரித்துவிட்டு நகரப் போனோம். "ஒண்ணு எடுத்துக்கோங்க சாமி" என்றாள். எடுத்துக்கொண்டோம்.