கல்லைத் தொட வேண்டாம், பள்ளிச் சுவரைக் கொடுப்போம்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மதிய உணவுக்குப் பிறகு எனக்குப் பேச வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் வண்ணங்களைப் பற்றிப் பேசுகிறேன். கொஞ்சம் தூக்கம் கலையும்.

பழையசீவரம் செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதையில் ஒரு சிறிய நிலையம். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜர் பார்வேட்டைக்கு எழுந்தருளும் ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். அன்று ஒரு நாள் கால் வைக்க இடம் இருக்காது. மறுநாளிலிருந்து குன்றின் மேல் லட்சுமி நரசிம்மரும் கீழே பாலாறும் எங்கள் பிள்ளைகளும்தான். ஆற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது.

அந்தக் கல்வெட்டை வரலாற்று ஆசிரியர்கள் அறிவீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயிலைச் சார்ந்து ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, நடந்திருக்கிறது. 15 நோயாளிகளுக்கு இடம். மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்துக்கு வேண்டியதைக் கொண்டுவருவோர், பணிப்பெண்கள் என எல்லோருக்கும் கூலி எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள். பாடசாலையும் மாணவர் விடுதியும் இருந்தன. ஆசிரியருக்கு அளக்க வேண்டிய நெல்லும், சனிக்கிழமை மாணவர் தலை முழுக எண்ணெயும்கூடக் கணக்கில் உண்டு. நம் விடுதிக் காப்பாளர்கள் கவனிக்க!

இவ்வளவும் நம் பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அந்த எழுத்தை அவர்களால் படிக்க முடியாது. பெரியவர்களாலும் முடியாது. அதனால் ரயில் நிலையத்தில் தொடங்கி, குன்று, தெரு, பள்ளி, பாலாற்றுப் பாலம் வழியாகத் திருமுக்கூடல் வரை ஒரு மரபு நடைப்பாதை வேண்டும், வழியெங்கும் ஊர்க்காரர் கையால் ஆன ஓவியமும் சுடுமண் பலகையும் வேண்டும் என்று யோசித்து வருகிறோம். இப்படி ஓர் எண்ணம் உங்கள் ஊரிலும் எழலாம். அப்போது முதலில் வருகிறவர் யாராக இருப்பார் தெரியுமா? "சார், பெயிண்ட் நான் இலவசமாகத் தருகிறேன், என் கடை பெயரை மட்டும் ஓரமாகப் போட்டுவிடுங்கள்" என்பவர். அவர் நல்லவர்தான். இருந்தாலும் அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதை நாம் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதல் முடிவு, பழைய கல்லை யாரும் தொடக்கூடாது. திருமுக்கூடல் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தத்தின்படி, இப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான் எதையும் கட்டலாம். சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள். நல்லெண்ணத்தோடு பூசிய பூச்சுக்கு அடியில் எத்தனை கல்வெட்டுகள் மறைந்தன என்பதை நம் ஊர்க் கோயில்களிலேயே பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்குக் கீழே சோழர் ஓவியம் இருப்பது 1931இல்தான் தெரியவந்தது. அங்கே மேலே பூசப்பட்டதும் நல்ல ஓவியம்தான். இருந்தும் கீழே இருந்ததை அது மறைத்துவிட்டது. ஆகவே நம் ஓவியத்துக்கு உரிய இடம் பள்ளிச் சுற்றுச்சுவர், ஊராட்சிக் கட்டடம், விரும்பிக் கொடுப்பவர் வீட்டுத் திண்ணைச் சுவர், அவ்வளவே.

அடுத்தது பொருள். எனாமல் பெயிண்ட் பளபளக்கும். மூன்றாம் மழையில் உரியும், உரிந்த சில்லு வாய்க்கால் வழியாகப் பாலாற்றுக்குப் போகும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் விதி செய்து 2017 நவம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் கடை மூலையில் கிடக்கும் பழைய டப்பாவில் என்ன இருக்கிறது என்று யார் சோதிப்பது? ஃபிளெக்ஸ் பலகை பற்றிப் பேசவே வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை என்று வகுப்பில் சொல்லிவிட்டு, மரபு நடைக்கு ஃபிளெக்ஸ் அடித்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

நமக்குச் சுண்ணாம்பும் காவியும் போதும். காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிற்றாலயங்களில் பல்லவர் தீட்டிய ஓவியத்தின் துண்டுகள் 1,300 ஆண்டுகள் கழித்தும் மிஞ்சி நிற்பது சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான். இதில் அறிவியல் ஆசிரியருக்கும் வேலை இருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி கல்லாக இறுகுகிறது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் வைத்தால் வண்ணமும் அதோடு சேர்ந்து இறுகும். காவிக்கல், மஞ்சள் மண், கரி ஆகியவை சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். சமையல் மஞ்சள் தாங்காது. சுண்ணாம்பில் பட்டதும் சிவந்துவிடும், ஆரத்தித் தட்டில் பார்த்ததுதான். பிறகு வெயிலில் வெளுத்தும் போகும். அமிலம், காரம் பாடத்தை அந்தச் சுவரடியிலேயே நடத்திவிடலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சுண்ணாம்பு நீற்றும் இடத்துக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அது பெரியவர் வேலை. பிள்ளைகள் காவிக்கல் அரைக்கலாம், கோடு போடலாம்.

எதை வரைவது என்றால், அந்தக் கல்வெட்டே சொல்கிறது. ஆதுலர் சாலையில் ஆண்டுதோறும் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் அதில் இருக்கிறது. பெயர்கள் வடமொழியில் உள்ளன. வாசா என்பது நம் ஆடாதொடை, ஹரீதகி கடுக்காய், பில்வம் வில்வம், ஏரண்டம் ஆமணக்கு, லசுனம் பூண்டு. ஆமணக்கும் ஆடாதொடையும் வேலியோரம் நிற்கின்றன. பள்ளிச் சுவரில் இந்தச் செடிகளை வரிசையாக வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் அதே செடியை நட்டால், சுவரைப் பார்த்துவிட்டுப் பாலம் கடந்து போகும் பிள்ளை கல்வெட்டின் முன் வெறுமனே நிற்காது. "இதில் எங்கே சார் ஆடாதொடை?" என்று கேட்கும். நான் எதிர்பார்ப்பது அந்தக் கேள்வியைத்தான்.

இனி, யாரிடம் வேலையைக் கொடுப்பது? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மக்கள் கலை என்று பெயர் வைத்துவிட்டு, கோலம் போடும் அம்மாவிடமும் பானை வனையும் அண்ணனிடமும் இலவசமாக வேலை வாங்குகிறோம். நகரத்திலிருந்து வரும் ஓவியருக்கு மட்டும் ரசீது போட்டுப் பணம் கொடுக்கிறோம். சோழர் கல்வெட்டு பணிப்பெண்ணின் கூலியைக்கூடக் கல்லில் வெட்டி வைத்தது. நாம் ஒரு தாளிலாவது எழுதலாம். எந்தச் சுவர், எத்தனை அடி, என்ன பொருள், யார் வாங்கித் தருவது, கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, சுடும்போது பலகை வெடித்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் எளிய தமிழில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். சுடுமண் பலகை கனமாக இருந்தால் அல்லது சரியாகக் காயாவிட்டால் சூளையில் வெடிக்கும். அது குயவரின் குற்றம் என்று தலையில் கட்டாமல், கூடுதலாக நான்கைந்து பலகைக்குச் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். செய்தவர் பெயர் பலகையிலேயே இருக்கட்டும், கடை பெயர் வேண்டாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, கிராம சபையிலும் வையுங்கள். செலவுக் கணக்கையும் அங்கேயே படியுங்கள். பக்கத்து உத்திரமேரூரில் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் சேர்க்கவே கூடாது என்று தள்ளி வைத்தது. அவருடைய உறவினருக்கும் அதே கதிதான்! வழிகாட்டிகளாகச் செல்லும் பிள்ளைகளை நாங்கள் அந்த முறையிலேயே தேர்ந்தெடுக்க நினைக்கிறோம். பெயர்களை ஓலையில் எழுதிப் பானையில் போட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை எடுக்கச் சொல்வோம். நன்றாகப் பேசும் பிள்ளையே எப்போதும் முன்னால் நிற்பது அப்போதாவது மாறும்.

"சுண்ணாம்பு மழையில் மங்கிவிடுமே" என்று ஒரு தலைமையாசிரியர் கேட்டார். மங்கும்தான். நம் வீடுகளில் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பதில்லையா? அதே நாளில் சுவரையும் புதுப்பிக்கலாம். பார்வேட்டைக்கு வரும் கூட்டம் புதுச் சுவரைப் பார்க்கும், ஊர் ஓவியருக்கு ஆண்டுதோறும் கூலி கிடைக்கும், அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கும் கை வைக்க இடம் இருக்கும். ஆனால் போகிக்கு முன்னால் வேலை முடிய வேண்டுமானால், கார்த்திகையிலேயே ஆளிடம் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள். மார்கழிக் கடைசியில் போய்க் கேட்டால், ஊரில் பாதி வீட்டு வேலை அவர் தலையில் இருக்கும்.