ஆறு கிலோ தண்ணீர்
(பழைய மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



நான் ஒரு இயந்திரம் செய்து தோற்ற கதையைச் சொல்லப் போகிறேன். ஜெயித்த கதைகளைச் சொல்ல மேடையில் வேறு பலர் இருக்கிறார்கள்.

மார்த்தாண்டம் தேன் உங்களுக்குத் தெரியும். ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. நிலையம் அந்தக் காலத்திலேயே பெட்டித் தேனீ வளர்ப்பை இங்கே பரப்பியது. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம்ம ஊர்த் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். அது பூவிலிருந்து வருவதல்ல. இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் ஊறும் இனிப்பு. இதில் தண்ணீர் கொஞ்சம் கூடுதல். ஈரம் 20 சதவீதத்தை விட்டு மேலே போகப் போக, தேன் சீக்கிரம் புளித்து நுரைக்கும்.

அருமனைப் பக்கம் என் தாய்மாமாவுக்கு அறுபது பெட்டி. தேனை இளஞ்சூட்டில் வைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, ஈரத்தை இழுக்கும் சின்ன இயந்திரம் ஒன்றை அவருக்காகச் செய்தேன். 25 சதவீதம் 20-க்கு இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா பேசாமல் தராசில் வைத்தார். ஊற்றியது 100 கிலோ. வந்தது 94 கிலோகூட இல்லை.

"மக்கா, உன் மெஷின் ஆறு கிலோவைக் குடிச்சுப்போட்டே!" என்றார்.

வியாபாரி தந்தது கிலோவுக்கு அதே பழைய விலை. அவர் எல்லார் தேனையும் ஒரே டிரம்மில் ஊற்றுகிறவர். தண்ணீரும் தேன் விலைக்குப் போகும்போது அதை வற்ற வைப்பவன் மடையன். சரியான கணக்கு மாமாவுடையதுதான். என்னுடைய கணக்கில் தராசே இல்லை.

"வேற ஆளுக்குக் கொடுக்கலாமே மாமா?"

1991-92-இல் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் வந்து, தென்னாட்டில் பெட்டித் தேனீயைக் கிட்டத்தட்ட அழித்தது. மாமாவின் நாற்பது பெட்டியில் மிஞ்சியது இரண்டு. திரும்பப் பெட்டி வைக்க ரூபாய் தந்தது அந்த வியாபாரிதான். மழைக்காலத்தில் தேனீக்குச் சீனி வாங்க இன்றைக்கும் அவர்தான் முன்பணம் தருகிறார். "அவர விட்டுட்டு எப்பிடிடே போவேன்?" என்றார் மாமா. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் அந்த முன்பணம் இருக்கும்வரை என் இயந்திரத்துக்கு வேலை இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, முன்பணம் வாங்காத ஏழு பேர் சேர்ந்து ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கினார்கள். நாகர்கோவிலில் ஒரு கடைக்காரர், ஈரம் குறைந்தால் விலை கூட்டித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். இனி என்னைத் தேடி வருவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை! ஆசாரியிடம் போய்ப் பெட்டிக்கு இன்னொரு மேலடுக்கு செய்துகொண்டார்கள். உள்ளே இடம் இருந்தால் சட்டத்தை அவசரமாக எடுக்க வேண்டாம்; தேனீயே சிறகால் விசிறி ஈரத்தை வற்ற வைத்து, மெழுகால் மூடிவிடும். அதன்பிறகு எடுத்தார்கள். சில நாள் 21-இல் நிற்கும், ஆனால் பழைய 25 இல்லை. கரண்ட் செலவும் இல்லை.

போன வருஷம் மாமாவும் ஐந்து பெட்டிக்கு மேலடுக்கு வைத்துப் பார்த்தார். மீட்டர் 20 காட்டியது. "இதுக்கு அவரு கூட விலை தருவாராடே?" என்று என்னிடம் கேட்டார். அவரிடம் இன்னும் கேட்கவில்லை.

இயந்திரம் திண்ணையில் இருக்கிறது. அதன்மேல் மாமி மரச்சீனி வற்றல் காய வைக்கிறார்.