குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இறைவனை முழுமையாக நம்புவது பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். நான் சமயநூல் கற்றவள் அல்ல. குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் வைத்தியர். ஆகவே குட்டிகளிலிருந்தே தொடங்குகிறேன்.

அம்பிட்டியவில் படித்த எவருக்கும் குரங்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஓட்டைக் கழற்றும், கொய்யாவைப் பழுக்க விடாது, சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறக்கவும் அதற்குத் தெரியும். இந்தச் செங்குரங்கு இலங்கையில் மட்டுமே வாழும் இனம் என்று படித்தபோதுகூட எங்களுக்குப் பெருமை வரவில்லை. ஆனால் வயிற்றோடு குட்டி ஒட்டியிருக்க, ஒரு தாய் மதிலிலிருந்து மாமரத்துக்குப் பாய்ந்தால் வகுப்பே பேச்சை நிறுத்திவிடும்.

அப்படி ஒரு நாள்தான் எங்கள் தமிழ் ஆசிரியை வைணவரின் இரண்டு நியாயங்களைச் சொல்லித் தந்தார். சரணாகதி என்றால் என்ன என்பதில் வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையாரும் பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையாரும் வேறுபட்டார்கள். வடகலையார் சொன்னது குரங்கை: குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் சொன்னது பூனையை: தாயே கவ்விக்கொண்டு போகும், குட்டி செய்ய ஒன்றுமில்லை. இத்தனை பெரிய விவாதத்துக்கு நம் கொல்லைப்புறத்தில் திரியும் இரண்டு பிராணிகள் போதுமாக இருந்தன!

கத்தோலிக்கப் பாடசாலையில் ஒரு சைவப் பிள்ளைக்கு வைணவம் கிடைத்தது இப்படித்தான். காலைக் கூட்டத்தில் அருட்சகோதரிகள் சொன்ன சிட்டுக்குருவிக் கதையும் கூடவே கிடைத்தது.

வைத்தியரான பிறகு இரண்டு குட்டிகளையும் மறுபடி கவனித்தேன். குட்டி பிறந்த முதல் நாட்களில் குரங்குத் தாய் ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டுதான் நடக்கிறது. பூனைக் குட்டியும் சும்மா தொங்குவதில்லை. தாய் கழுத்தில் கவ்வியதும் பின்னங்கால்களை மடக்கி, வாலைச் சுருட்டி, அசையாமல் இருக்கிறது. திமிறினால் தாயால் தூக்கிப் போக முடியாது. ஆசாரியர்கள் கோபித்துக்கொள்ளாவிட்டால், எனக்கு இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வருவதாகவே தெரிகிறது.

மனிதக் குழந்தைக்கும் இந்தப் பற்று உண்டு. உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பிடிக்கும். கருவிலேயே தொடங்கும் பழக்கம் அது. பிறந்து ஐந்தாறு மாதத்தில் மறையும். எங்கள் விடுதியில் ஒரு கிலோ நிறையுள்ள குழந்தையும் பிடிக்கிறது. ஆனால் அந்தப் பிடியில் அது தொங்க முடியாது. பிடிப்பது குழந்தை, தாங்குவது தாய்.

இன்னொரு பிராணியும் எங்கள் விடுதியில் உண்டு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கார் ரே என்ற வைத்தியர், சூடாக வைத்திருக்கும் பெட்டிகள் போதாமல், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தித் துணியால் கட்டச் சொன்னார். கங்காரு முறை என்று பெயர். குழந்தையின் உடற்சூடு நிலைக்கிறது, பால் குடிப்பது கூடுகிறது, இறப்புக் குறைகிறது. இன்று உலக சுகாதார நிறுவனமே இதைப் பரிந்துரைக்கிறது.

தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாய் குழந்தையைத் தொடவே பயந்தார். “தூக்குனா ஒடிஞ்சிருமோன்னு பயமா இருக்குங்க டொக்டர்.”

“நீங்க தூக்க வேணாம். துணி தாங்கும். நீங்க சாய்ஞ்சு இருந்தா போதும்.”

கட்டிவிட்டோம். சற்று நேரத்தில் கேட்டார், “சாமி காப்பாத்திருமாங்க?”

‘ஆம்’ என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒன்பதாம் நாள் கிருமித் தொற்றில் குழந்தை இறந்தது. பார்க்க வந்த உறவினர் ஒருவர், இன்னும் உறுதியாக நம்பியிருந்தால் பிழைத்திருக்கும் என்றார். இந்தப் பேச்சை நான் எந்தச் சமயத்தவரிடமிருந்தும் பொறுத்துக்கொள்வதில்லை. அது நம்பிக்கை அல்ல, துக்கத்தில் இருப்பவள் தலையில் குற்றத்தை ஏற்றுவது. மத்தேயு நற்செய்தியிலும் சிட்டுக்குருவி விழவே விழாது என்று சொல்லவில்லை. அது விழுவதும் தந்தைக்குத் தெரியாமல் இல்லை என்றுதான் இருக்கிறது. சிறுவயதில் இந்த வேறுபாடு என் காதில் விழவில்லை.

அந்தத் தாய் உறவினருக்குப் பதில் சொன்னார். “ஒம்பது நாளும் புள்ள தனியாக் கெடக்கலைங்க. எம்மேலதான் இருந்துச்சு.”

முழு நம்பிக்கை என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் அவர். துணியைத் துவைத்து, மடித்து, அடுத்த தாய்க்கென்று தாதியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தத் துணிகள் எங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். மெல்லிய பருத்தித் துணி, நீளமாக, ஓரம் தைத்து, சாயம் போகாததாக இருந்தால் போதும். சங்கத்து அக்காமாரில் தையல் இயந்திரம் வைத்திருப்பவர்கள் பலர் என்று அறிவேன். தேநீர் வேளையில் என்னிடம் பேசுங்கள், அளவு தருகிறேன்.