தொழிற்பயிற்சி தோற்றவர்களின் பாதையா? சுவிஸ் தமிழ்ப் பெற்றோர் முன் ஆற்றிய உரை



சுவிற்சர்லாந்தில் வாழும் எமது இல்லங்களில் பிள்ளைக்குப் பதின்மூன்று வயதாகும்போதே ஒரு கவலை குடிபுகுந்து விடுகின்றது. கிம்னாசியத்துக்குச் செல்லாது தொழிற்பயிற்சிக்கு, அதாவது 'லேற'வுக்குச் செல்லும் பிள்ளையைத் தோற்றுப்போன பிள்ளையாகவே எம்மிற் பலர் கருதுகின்றோம். இது யாழ்ப்பாணத்து அளவுகோல். அங்கே பல்கலைக்கழகத்துக்கு உயர்தரப் பரீட்சை என்ற ஒற்றைக் கதவே இருந்தது. 1970களின் தரப்படுத்தல் அதனையும் எமக்கு ஒடுக்கியது. அக்காயத்தின் வலி நியாயமானதே. ஆயினும் அதே கோலால் இந்நாட்டை அளத்தல் பொருந்தாது.

இங்கே கட்டாயக் கல்வியை முடிக்கும் இளையோரில் ஏறத்தாழ மூன்றில் இருவர் தொழிற்கல்வியையே தொடர்கின்றனர். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாட்கள் நிறுவனத்தில் வேலை. எஞ்சிய நாட்களில் தொழிற்பாடசாலை. மாதந்தோறும் சிறு ஊதியம். எதைக் கற்பிப்பது என்பதைக் கல்வி அதிகாரிகள் மட்டும் தீர்மானிப்பதில்லை. 2004 இல் நடைமுறைக்கு வந்த தொழிற்கல்விச் சட்டத்தின்படி, சமஷ்டி அரசும் மாநிலங்களும் அந்தந்தத் துறையின் தொழில்சார் அமைப்புகளும் அப்பொறுப்பைப் பகிர்ந்து கொள்கின்றன. தொழில் மாறும்போது பாடமும் மீளாய்வு செய்யப்படுகின்றது. ஆகவேதான் பயிற்சி முடித்தவர் வேலைத்தளத்தில் அந்நியராக நிற்பதில்லை.

பாதை அத்துடன் முடிவதுமில்லை. 1990களில் தொழில்சார் மத்துராவும் பிரயோக விஞ்ஞான உயர்கல்வி நிறுவனங்களும் உருவாக்கப்பட்டன. இலத்திரனியலில் லேற செய்தவர் இம்மத்துராவையும் பெற்றால் பொறியியற் பட்டதாரியாகலாம். 'பசரெல்' எனும் மேலதிகப் பரீட்சையிலும் சித்தியடைந்தால் சூரிச் சமஷ்டித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வாயிலும் திறக்கும். 2011 இலும் மீண்டும் 2023 இலும் யூபிஎஸ் வங்கியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற செர்ஜியோ எர்மோட்டி, வங்கியொன்றில் லேற செய்தே தொழில் வாழ்வைத் தொடங்கியவர். அவரைத் தோற்றவர் என எந்தத் தமிழ்த் தாயும் சொல்லமாட்டார்!

குறைகள் இல்லையா? உண்டு. பல மாநிலங்களில் ஆறாம் வகுப்பின் முடிவிலேயே பிள்ளைகள் தரம் பிரிக்கப்படுகின்றனர். வீட்டில் யேர்மன் பேசாத பிள்ளைக்கு அது மிக முந்திய வயது. பயிற்சி இடத்தை வழங்குவது நிறுவனமே ஆகையால், விண்ணப்பத்திலுள்ள நீண்ட தமிழ்ப் பெயரே தடையாகும் நிலையும் உண்டு. பெற்றோர் கூட்டங்களில் தமிழ் உரைபெயர்ப்பாளர், பிந்திய தரம்பிரிப்பு, பெயர் மறைத்த முதற்கட்டத் தெரிவு ஆகியவற்றை நாம் மாநில அரசுகளிடம் ஒருமித்துக் கோரவேண்டும்.

இவை கைகூடும் வரை எமது பிள்ளைகள் காத்திருக்க இயலாது. எட்டாம் வகுப்பளவில் வரும் 'ஷ்னுப்பர்லேற' எனும் சில நாள் அறிமுகப் பயிற்சிக்கு அவர்களை மனமுவந்து அனுப்புங்கள். மாநிலத் தொழில் ஆலோசனை நிலையத்துக்குப் பிள்ளையுடன் நீங்களும் செல்லுங்கள்.