எட்டுக் கல்லூரிகள் போதும்

(முன்னாள் மாணவர் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நாளெல்லாம் மெஷின் சத்தத்தில் நிற்கிறவன் நான். செயலாளர் அண்ணன் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார். "எதைப் பத்தி அண்ணா?" என்றேன். "கமிட்டியில எல்லாரோடும் ஒரு விஷயத்துக்காகச் சண்டை போட்டியே, அதையே இங்கேயும் போடு" என்றார். அந்தச் சண்டையைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

நம் சங்கம் ஒரு நல்ல காரியம் செய்ய நினைத்திருக்கிறது. சங்க நிதியிலிருந்து இந்த வட்டாரக் கல்லூரிகளுக்காக ஒரு வாலிபால் லீக் தொடங்கலாம் என்பது யோசனை. அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எந்தெந்தக் கல்லூரிகளைச் சேர்ப்பது என்பதில்தான் தகராறு.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடமும் நான் நம் கல்லூரி வாலிபால் டீமில் ஆடியவன். நான்கு வருடத்தில் வெளிக் கல்லூரிகளோடு நான் ஆடிய ஆட்டங்கள் மொத்தம் ஆறு. ஆமாம், ஆறேதான்! மூன்று வருடம் மண்டலப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். ஒரு வருடம் மட்டும் மூன்று ஆட்டம் ஆடினோம். இறுதியாண்டில் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி, பையில் இட்லிப் பொட்டலத்தோடு போய் இறங்கினோம். இரண்டே செட்டில் ஆட்டம் முடிந்தது. இட்லியைத் திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். அந்த நாற்பது நிமிடத்துக்காக ஒரு வருடம் முழுக்கப் பயிற்சி எடுத்திருந்தோம்.

இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. நூற்றுக்கணக்கான கல்லூரிகளை வைத்துக்கொண்டு போட்டி நடத்த வேண்டுமென்றால், மண்டலமாகப் பிரித்து நாக்-அவுட் முறையில் நடத்துவதுதான் சுலபம். ஆனால் கணக்கைப் பாருங்கள். பதினாறு டீம் வைத்து நாக்-அவுட் நடத்தினால் மொத்தம் 15 ஆட்டம். அதில் எட்டு டீம் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும். அதாவது பாதிப் பேருக்கு வருடத்துக்கு ஒரே ஆட்டம். யாருக்கு அதிக ஆட்டம் தேவையோ, அவர்களுக்குத்தான் மிகக் குறைவான ஆட்டம் கிடைக்கிறது. தேறாத பையனுக்கு டியூஷனை நிறுத்துகிற மாதிரிதான் இது.

லீக் என்றால் கணக்கு வேறு. எட்டு டீம் இருந்தால் ஒவ்வொரு டீமுக்கும் ஏழு ஆட்டம், மொத்தம் 28 ஆட்டம். ஒரு சனிக்கிழமைக்கு நான்கு ஆட்டம் வைத்தால் ஏழு சனிக்கிழமையில் முடிந்துவிடும். ஒரு செமஸ்டருக்குள் அடங்கும். பத்து டீம் ஆனால் 45 ஆட்டம், பன்னிரண்டு ஆனால் 66. அதற்கு ஒரு செமஸ்டர் போதாது, இன்டர்னல் டெஸ்ட் குறுக்கே வரும், ஓ.டி. கேட்டு ஹெச்.ஓ.டி. அறை வாசலில் நிற்க வேண்டிவரும். ஆகவே எட்டோடு நிறுத்திக்கொள்வோம் என்பது என் முதல் வாதம்.

எந்த எட்டு? கமிட்டியில் இரண்டு பட்டியல் வந்தது.

முதல் பட்டியல் பெரிய பெயர்கள். லயோலா, கிறித்துவக் கல்லூரி, கிண்டி பொறியியல் கல்லூரி. "இவங்க வந்தா பேப்பர்ல போட்டோ வரும், ஸ்பான்ஸர் கிடைப்பாங்க" என்றார்கள். மறுக்கவில்லை. ஆனால் தாம்பரத்திலிருந்து ஒரு டீம் சனிக்கிழமை மதியம் பூந்தமல்லிக்கு வந்து ஆடிவிட்டு எத்தனை மணிக்கு ஹாஸ்டல் போய்ச் சேரும்? முதல் வருடம் மரியாதைக்கு வருவார்கள். இரண்டாம் வருடம் இரண்டாவது டீமை அனுப்புவார்கள். மூன்றாம் வருடம் கடிதத்துக்குப் பதில் வராது.

இப்படிப் பெயரையும் பணத்தையும் பார்த்துச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அங்கே கல்லூரி விளையாட்டை 'கான்ஃபரன்ஸ்' என்ற கூட்டமைப்புகள் நடத்துகின்றன. பசிபிக் கரையோரக் கல்லூரிகள் 1915-லிருந்து கட்டிக்காத்த ஒரு கூட்டமைப்பு, பின்னாளில் 'பாக்-12' என்று பெயர் பெற்றது. டெலிவிஷன் ஒப்பந்தப் பணத்தைப் பார்த்து அதன் பன்னிரண்டு உறுப்பினர்களில் பத்துப் பேர் 2024-ல் வெளியேறிவிட்டார்கள். மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டும்தான். லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த 'பிக் டென்' என்ற கூட்டமைப்பில் இப்போது உறுப்பினர் பதினெட்டு, பெயர் மட்டும் இன்னும் டென்! அதன் இன்னொரு முனை கிழக்குக் கரையில் நியூ ஜெர்சி. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு சேர்ந்த கூட்டமைப்பின் பெயர் 'அட்லாண்டிக் கரை'. பணம் வந்தது ஃபுட்பாலுக்கு. விமானத்தில் தூக்கத்தைத் தொலைக்கிறவர்களில் வாலிபால் ஆடும் பெண்களும் உண்டு. மிஞ்சிய அந்த இரண்டு கல்லூரிகளும் பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, 2026-லிருந்து ஆடுவதற்குப் புதிய உறுப்பினர்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. அதே நாட்டில் 1954-ல் எட்டுக் கல்லூரிகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்ட 'ஐவி லீக்' இன்றும் அதே எட்டோடு நடக்கிறது. எட்டும் வடகிழக்கு மாநிலங்களில்தான் இருக்கின்றன.

இரண்டாவது பட்டியல் இதற்கு நேர் எதிர். "அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த பொறியியல் கல்லூரிகள் மட்டும் போதும், விதிமுறை ஒன்றுதான், குழப்பம் வராது" என்றார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் 1990-களில் படித்த அண்ணன்மார்களைக் கேளுங்கள். அப்போது இந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்திருந்தன. ஏ.எல். முதலியார் தடகளப் போட்டிக்குப் போனால் பக்கத்துத் தடத்தில் பி.காம். மாணவர் ஓடுவார். 2001-ல் அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புப் பல்கலைக்கழகமான பிறகு நாம் அந்தப் பக்கம், அவர்கள் இந்தப் பக்கம். 2008-ல் ஆவடியில் வேல்டெக் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அவர்கள் தனிப் பல்கலைக்கழகமாக நேரே தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகிறார்கள். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தடகளச் சங்கம் தனி.

விளைவு என்ன? ஆவடி ஸ்டேஷனில் ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் ஒரு கல்லூரி இருக்கிறது. அந்த ஸ்டேஷனுக்குப் பெயரே 'இந்துக் கல்லூரி'. பட்டாபிராமில் இருக்கும் கலவல கண்ணன் செட்டி இந்துக் கல்லூரியைத்தான் சொல்கிறேன். ஒரு கல்லூரியின் பெயரையே ரயில் நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லூரியோடு என் நான்கு வருடத்தில் நான் ஒரு முறைகூட ஆடியதில்லை. அவர்கள் சென்னைப் பல்கலைக்கழகம், நாங்கள் அண்ணா பல்கலைக்கழகம், அவ்வளவுதான் காரணம்.

ஆகவே என் பட்டியலுக்கு மூன்றே விதி வைத்திருக்கிறேன்.

ஒன்று, மதியம் கிளம்பி ஆடி முடித்து, இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற தூரம். பஸ் டிக்கெட்டோ ரயில் டிக்கெட்டோ போதும். வேன் வாடகைக்கு யாரும் அலையக் கூடாது.

இரண்டு, ரிட்டர்ன் மரியாதை. நம் மைதானத்துக்கு வருகிறவர்கள் தங்கள் மைதானத்துக்கும் நம்மைக் கூப்பிட வேண்டும். ஒரு நெட், 18 மீட்டருக்கு 9 மீட்டர் களம், குடிக்கத் தண்ணீர், ஒரு டீ. இதைத் தரமுடிந்தால் போதும். ஸ்டேடியம் தேவையில்லை.

மூன்று, மாணவியர் படிக்கும் கல்லூரி என்றால் மாணவியர் டீமும் வந்தாக வேண்டும். "கேர்ல்ஸ் டீம் அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த மூன்று சல்லடையில் சலித்தால் என் எட்டு இதுதான்: நாம், சூரப்பட்டு வேலம்மாள் பொறியியல் கல்லூரி, திருவேற்காடு எஸ்.ஏ. பொறியியல் கல்லூரி, பூந்தமல்லி பனிமலர், முத்தாபுதுப்பேட்டை ஆலிம் முஹம்மது சாலிஹ் கல்லூரி, ஆவடி வேல்டெக், பட்டாபிராம் இந்துக் கல்லூரி, ஆவடி சத்தியமூர்த்தி நகர் முருகப்பா பாலிடெக்னிக். மகளிர் லீக்குக்கு ஆறு போதும்: நாம், வேலம்மாள், எஸ்.ஏ., பனிமலர், இவற்றோடு பருத்திப்பட்டு மகாலட்சுமி மகளிர் கல்லூரி, மதனங்குப்பம் சோகா இகேதா மகளிர் கல்லூரி. பதினைந்து ஆட்டம், ஒவ்வொருவருக்கும் ஐந்து. இவர்களில் யாரையும் நாம் இன்னும் கேட்கவில்லை. கேட்கத்தான் இன்று உங்கள் அனுமதி வேண்டும்.

பாலிடெக்னிக் பெயரைச் சொன்னதும் கமிட்டியில் சிலர் புருவத்தை உயர்த்தினார்கள். "டிப்ளமோ பசங்களோட நாம ஆடறதா?" என்று ஒருவர் கேட்டார். எங்கள் டீமின் ஸ்பைக்கர் யார் தெரியுமா? லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் ஆண்டு வந்து சேர்ந்த டிப்ளமோ மாணவர். அவர் வந்த வருடம்தான் நாங்கள் மூன்று ஆட்டம் ஆடினோம்! இன்று பாலிடெக்னிக்கில் இருக்கிற பையன் நாளை நம் வகுப்பில் உட்காரப் போகிறவன். ஆனால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பு முடித்துச் சேருகிற பையனுக்குப் பதினைந்து, பதினாறு வயதுதான் இருக்கும். நாளை கபடியும் சேர்த்தால், முதலாண்டு டிப்ளமோ பையன்களை இருபத்தொரு வயதுக்காரர்களோடு மோதவிடக் கூடாது. வாலிபாலில் நடுவே நெட் இருக்கிறது. அந்தப் பயம் இல்லை. அதனால்தான் வாலிபாலில் தொடங்கலாம் என்கிறேன்.

இன்னொரு கேள்வி, தம்பிகள் தரப்பிலிருந்து வந்தது: "அண்ணா, இதுல ஜெயிச்சா சர்டிபிகேட்டுக்கு மதிப்பு உண்டா?" உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிடையாது. வேலைவாய்ப்பில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டி மாதிரியான அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ்தான் செல்லும். நம் லீக்கில் கிடைப்பது ஏழு ஆட்டம், ஏழு மைதானம், பத்து ஊர்ப் பையன்களின் சிநேகிதம். ஆனால் ஏழு ஆட்டம் ஆடிய டீம் மண்டலப் போட்டிக்குப் போனால் முதல் ஆட்டத்தில் கை நடுங்காது. அதுவே பெரிய லாபம்.

மற்றக் கல்லூரிகள் கேட்டால் என்ன செய்வது? ஒன்பதாவதாக நுழைக்க வேண்டாம். தண்டலத்தில் ராஜலட்சுமி, சவீதா, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஸ்ரீ வெங்கடேஸ்வரா என்று பெங்களூர் சாலையில் வரிசையாகக் கல்லூரிகள் இருக்கின்றன. அவர்கள் விரும்பினால் அந்தச் சாலைக்கு இரண்டாவது பிரிவு தொடங்கட்டும். இரண்டு பிரிவிலும் முதலில் வருகிறவர்கள் கடைசியில் ஓர் ஆட்டம் ஆடட்டும். வீட்டை அகலப்படுத்தினால் தூண் தாங்காது. பக்கத்தில் இன்னொரு வீடு கட்டிக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரொக்கப் பரிசு வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. அந்தத் தொகையை நடுவர் கட்டணத்துக்கும், பந்துக்கும், டீக்கும் வையுங்கள். ரொக்கம் வைத்தால் யாராவது வெளியாளை மாணவன் என்று இறக்குவார்கள். பிறகு அடையாள அட்டையைப் பார்ப்பதிலேயே சனிக்கிழமை போய்விடும்.

பெரியோர்களே, நான் இரண்டே செட்டில் தோற்றுத் திரும்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில் எங்கள் லிஃப்டர் ஒரு வார்த்தை சொன்னான்: "மச்சான், இன்னிக்கே இன்னொரு மேட்ச் வெச்சா ஜெயிச்சிருவோம்டா." அந்த இன்னொரு மேட்ச் எங்களுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. அவன் இன்று இந்தக் கூட்டத்தில் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் அவன் மகன். எங்களுக்குக் கிடைக்காததைப் பின்வரிசையில் நிற்கும் இந்தத் தம்பி தங்கைகளுக்கு நாம் கொடுக்க முடியும். பெரிய செலவில்லை. எட்டுக் கடிதம்கூட வேண்டாம், நம்மைக் கழித்தால் ஏழு. மகளிர் கல்லூரிகளுக்கு இரண்டு. ஒன்பது கடிதம்.

தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும்போது கையை உயர்த்துங்கள். கடிதங்களை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒரு சனிக்கிழமையில் சுற்றி வந்துவிடலாம்; எல்லாம் பக்கத்தில்தான் இருக்கிறது.