கோடிங் பழக எந்த சாஃப்ட்வேர்?
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பிளஸ் டூ பிள்ளைகள், இன்ஜினியரிங் மாணவர்கள், பணி ஓய்வுக்குப் பிறகு பைதான் படிக்க நினைக்கும் பெரியவர்கள் எனப் பலர் இருக்கிறார்கள். எல்லோருடைய கேள்வியும் ஒன்றுதான். "கோடிங் பழக எந்த சாஃப்ட்வேர் போடலாம்? காசு கட்ட வேண்டுமா? புது லேப்டாப் வாங்க வேண்டுமா?" பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு செலவும் தேவையில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நிரலை எழுதுவது, ஓட்டிப் பார்ப்பது, பிழையைத் தேடுவது மூன்றையும் ஒரே திரையில் செய்ய உதவும் மென்பொருளைத்தான் ஐ.டி.இ. என்கிறோம். அதைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: எந்த மொழி? பைதான் என்றால், விண்டோஸில் பைதானை இன்ஸ்டால் செய்யும்போதே ஐடில் என்ற எளிய கருவி கூடவே வந்துவிடும். புதியவர்களுக்கு நான் சொல்வது தோனி. கிரிக்கெட் தோனி இல்லை. டி, எச், ஓ, இரண்டு என், ஒய். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவானது. பைதானும் அதற்குள்ளேயே இருக்கிறது. நிரல் ஒவ்வொரு வரியாக ஓடும்போது எந்த மதிப்பு எப்படி மாறுகிறது என்று கண்முன்னே காட்டும்.

சி, சி++ படிக்கிறவர்கள் பலர் இன்னும் டர்போ சி++ வைத்திருக்கிறார்கள். அது டாஸ் காலத்துக் கருவி. சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் வந்ததே 1998-இல்தான். அதற்கு முந்தைய பாணியில் பழகிய நிரல், இன்றைய கம்பைலரில் முதல் வரியிலேயே பிழை காட்டும். கோட்பிளாக்ஸ் போடுங்கள். அதன் டவுன்லோடு பக்கத்தில் கம்பைலரோடு சேர்ந்த தொகுப்பு தனியாக இருக்கும், அதையே எடுங்கள். ஜாவாவுக்கு எக்லிப்ஸ், நெட்பீன்ஸ் இரண்டுமே நல்லவை.

அப்படியானால் எல்லோரும் பேசும் வி.எஸ். கோட்? பல மொழிகளுக்கும் ஏற்ற அருமையான எடிட்டர். ஆனால் பைதானோ சி கம்பைலரோ அதற்குள் கிடையாது. தனியாகப் போட வேண்டும். பல பிள்ளைகள் முதல் நாளே சோர்ந்து போவது இந்த இடத்தில்தான். அடிப்படை பழகிய பிறகு அதற்கு மாறலாம்.

இரண்டாவது கேள்வி: எந்த லேப்டாப்? 4 ஜி.பி. ரேம் உள்ள பழைய லேப்டாப்பிலும் தோனியும் கோட்பிளாக்ஸும் சிரமமின்றி ஓடும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ அப்படியில்லை. குறைந்தது 8 ஜி.பி. வேண்டும். மொபைல் ஆப் செய்யப் போகிறவர்கள் மட்டும் அதைப் பற்றி யோசித்தால் போதும். எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாத நிலையா? கூகுள் கோலாப் மூலம் பிரவுசரிலேயே பைதான் பழகலாம்.

மூன்றாவது கேள்வி: என்ன உரிமம்? இலவசம் வேறு, கட்டற்றது வேறு. தோனி, கோட்பிளாக்ஸ், எக்லிப்ஸ் ஆகியவை கட்டற்றவை. வீட்டுக்கும் தொழிலுக்கும் பயன்படுத்தலாம். மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி தனிநபருக்கு இலவசம். நிறுவனங்களுக்கு நிபந்தனை உண்டு. சிறிய நிறுவனத்தில்கூட ஐந்து பேர் வரைதான். வீட்டிலிருந்து தொழில் நடத்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள். வி.எஸ். கோட், நாம் பயன்படுத்தும் விதம் பற்றிய தகவலை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பும்; செட்டிங்ஸில் அதை நிறுத்திவிடலாம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். கட்டண மென்பொருளின் 'கிராக்' பிரதியைப் பிள்ளைகள் இறக்க விடாதீர்கள். அதோடு என்ன உள்ளே வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அதே லேப்டாப்பில்தான் நீங்கள் நெட் பேங்கிங்கும் செய்கிறீர்கள்.

"இலவசக் கருவியை நாளைக்கு நிறுத்திவிட்டால்?" என்றும் கேட்கிறார்கள். நிறுத்துவார்கள்தான். ஆட்டம் என்ற பிரபலமான எடிட்டரை 2022 டிசம்பரில் கிட்ஹப் நிறுத்திவிட்டது. ஆனால் அதில் எழுதிய நிரல்கள் வெறும் எழுத்துக் கோப்புகள். வேறு எந்த எடிட்டரிலும் திறக்கும். பிராஜெக்டை உங்கள் ஃபோல்டரில் வைத்து, பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கருவி போனாலும் உழைப்பு போகாது.

ஆகவே, கடைக்குப் போகும் முன் வீட்டில் இருக்கும் லேப்டாப்பில் ஒரு மாதம் பழகிப் பாருங்கள். அதில் எது முடியவில்லை என்று தெரிந்த பிறகு செலவைப் பற்றிப் பேசலாம்.