வருமான வரம்பும் வெளிமாநிலத் தமிழர் குடும்பமும்



பிழைப்பை நாடி மாநிலம் கடந்து வந்த குடும்பங்களுக்கு உழைப்பே மூலதனம். அவ்வுழைப்பு ஒரு மாதம் தடைப்பட்டால் என் செய்வது என்ற கேள்வி, பெங்களூரின் தொழிற்சாலையிலும், தாராவியின் தையற்கூடத்திலும், தில்லியின் இட்லிக் கடையிலும் ஒன்றுபோலவே எழுகிறது. சொந்த ஊராயின் பங்காளியும் மாமன் மச்சானும் தோள் கொடுப்பர். இங்கோ அத்துணை அருகில் இல்லை. வருவாயை அளவுகோலாகக் கொண்டு அரசாங்கம் வகுத்துள்ள சில உதவிகள் அக்குறையை ஓரளவு தீர்க்க வல்லவை. அவற்றுள் மூன்றை மட்டும் இன்று நோக்குவோம்.

முதலாவது, மாதச் சம்பளம் பெறுவோருக்குரிய தொழிலாளர் காப்பீடு, நாம் ஈ.எஸ்.ஐ. என்று வழங்குவது. 1948-இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கப் பெற்றது. 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அப்பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ளது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். 2017 ஜனவரியில் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய். 20,000 ரூபாய் பெறுபவரிடம் பிடிக்கப்படுவது 150 ரூபாய். முதலாளி செலுத்துவது 650 ரூபாய்.

இந்த 150 ரூபாயை மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லிப் பெயரைப் பதியாமல் விடும் முதலாளிகளும் உளர். அதற்கு இசைந்துவிடும் நம்மவரும் உளர். இழப்பது எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்போம். நோயுற்றால் ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். மேற்சொன்னவருக்கு அது மாதம் சுமார் 14,000 ரூபாய். மகப்பேற்றுக்கு 26 வார ஊதியமும், குடும்பத்தார் அனைவருக்கும் மருத்துவமும் உண்டு. குடும்பம் ஊரிலேயே தங்கியிருப்பின், அங்குள்ள மருந்தகத்தை அவர்களுக்கெனக் குறிப்பிடவும் வழியுண்டு.

சம்பளம் வரம்பைத் தாண்டியவுடன் உரிமை அறுந்துவிடும் என்று அஞ்சிச் சிலர் உயர்வையே தயங்கி ஏற்கின்றனர். அவ்வச்சம் வேண்டா. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரையும் இரு சந்தாப் பருவங்கள் உள்ளன. மே மாதத்தில் சம்பளம் உயர்ந்தாலும், செப்டம்பர் முடிய அவர் காப்பீட்டிலேயே இருப்பார். ஆயினும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். 2010 முதல் 2016 முடிய வரம்பு 15,000 ரூபாயிலேயே நின்றது, விலைவாசியோ நிற்கவில்லை. நிற்கும் வரம்பு, சிறிது கூலி உயர்ந்த ஏழையையும் வெளியே தள்ளிவிடும். காலந்தோறும் அதைத் திருத்தக் கேட்பது தொழிலாளர் கடமை.

இரண்டாவது, சம்பளச் சீட்டே இல்லாத தெருவோர வியாபாரி, சலவைத் தொழிலாளி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஆகியோருக்கானது. 2019-இல் தொடங்கிய ‘சிரம யோகி மாந்தன்’ என்னும் ஓய்வூதியத் திட்டத்தில் மாத வருவாய் 15,000 ரூபாய்க்கு மேற்படாத, 18 முதல் 40 வயதுக்குட்பட்டோர் சேரலாம். வருவாய்க்குச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. தாமே அளிக்கும் உறுதிமொழி போதும். 18 வயதில் சேர்பவர் மாதம் 55 ரூபாயும், 29 வயதில் சேர்பவர் 100 ரூபாயும், 40 வயதில் சேர்பவர் 200 ரூபாயும் செலுத்த வேண்டும். அதே தொகையை மத்திய அரசும் சேர்க்கும். 60 வயது நிறைந்தபின் மாதம் 3,000 ரூபாய். அவருக்குப் பின் வாழ்க்கைத் துணைக்கு அதிற்பாதி. ஈ.எஸ்.ஐ., வருங்கால வைப்புநிதி ஆகியவற்றில் உள்ளோரும் வருமான வரி செலுத்துவோரும் இதிற் சேர இயலாது. பத்தாண்டுக்குள் விலகினால் தாம் கட்டிய பணமும் சேமிப்புக் கணக்கின் வட்டியுமே திரும்பும். ஆதலின், விடாது கட்ட இயலுமா என்று கணக்கிட்டே சேர்தல் நலம்.

மூன்றாவது, உணவு. ரேஷன் அட்டை ஊரில் கிடக்கிறதே என்று கடையில் விலை கொடுத்து அரிசி வாங்குவோர் பலர். தமிழ்நாடு 2020 அக்டோபரிலும், எல்லா மாநிலங்களும் 2022 ஜூனுக்குள்ளும் ‘ஒரே நாடு, ஒரே ரேஷன்’ முறையில் இணைந்தன. முன்னுரிமைக் குடும்ப அட்டைக்கு ஆள் ஒன்றுக்கு 5 கிலோ தானியம். 2023 ஜனவரி முதல் விலையில்லை. ஆதார் இணைந்திருப்பின், இங்குள்ள கடையில் விரல்ரேகை வைத்துப் பெறலாம். ஒரு பகுதியை இங்கும் மீதியை ஊரில் உள்ளவர் அங்கும் வாங்கலாம். ஆனால் தமிழ்நாட்டின் முன்னுரிமையற்ற அட்டை மாநில அரசின் தனி ஏற்பாடு. அது எல்லை கடவாது. பருப்பும் பாமாயிலும் அங்ஙனமே. ஆகவே நம் அட்டை எவ்வகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நேயர்களே, இவை பிச்சையல்ல. ஒரு பகுதி நம் சந்தா, ஒரு பகுதி நாம் துணி முதலியன வாங்கும்போது செலுத்தும் வரி. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பர். மொழி புரியாமையால் வாயடைத்து நிற்கும் தம்பிக்கும் தங்கைக்கும், படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஆங்காங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் விழா எடுப்பதோடு இத்தொண்டையும் மேற்கொள்ளுமாயின், பல குடும்பங்கள் கடனின்றி வாழும்.